கிதாபுக்குள் இருந்த காகிதம்

அஸர் தொழுகை முடிந்த பின் பள்ளிவாசல் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்திருப்பது என் வழக்கம். முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் ஓதிக்கொடுத்து வரும் எனக்கு அந்த நேரம்தான் ஊர் மக்களோடு பேசக் கிடைக்கும் நேரம். கடன் தொல்லை, பாகப்பிரிவினை, பிள்ளைகளின் படிப்பு என்று பல குறைகளைக் கொண்டு வருவார்கள். அவற்றுள் மிகத் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. பெரும்பாலும் அது சொல்லப்படுவதுகூட இல்லை. ஒரு சிறுவன் தண்ணீர்ப் போத்தலை என் முன் வைத்து, “பெரியம்மா ஓதித் தரச் சொன்னாங்க ஹஜ்ரத்” என்பான். எந்த வீட்டுப் போத்தல் என்று பார்த்ததுமே எந்தக் குறை என்பது எனக்கு விளங்கிவிடும்.

ஓதிக் கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. முதுமையின் தளர்ச்சியில் இரகசியமாகத் தம் இறைவனிடம் கையேந்திய ஜகரிய்யா நபி (அலை) அவர்களின் வரலாற்றை ஓதி வளர்ந்தவன் நான். துஆவின் வாசலை அடைக்க எவருக்கும் உரிமை இல்லை. நான் வருந்துவது வேறொன்றுக்காக.

2003ஆம் ஆண்டு நடந்தது அது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர். பெயர் வேண்டாம். மணமாகி ஏழாண்டுகள் ஆகியும் அவருக்கு மகப்பேறு இல்லை. அவருடைய தாயார் அனுப்பிய போத்தல்களுக்குக் கணக்கில்லை. ஒரு நாள் லுஹருக்குப் பின் அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம் பேசிவிட்டு, கதவுக்கு அப்பால் நின்றபடியே ஒரு காகிதத்தை நீட்டினார்.

“டவுன் ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் எழுதிக் கொடுத்தாங்க ஹஜ்ரத். நான் கொடுத்தா அவங்களுக்குக் கோபம் வருது. நீங்க சொன்னா தட்டமாட்டாங்க.”

காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு அது புலப்படவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “அவங்களையும் ஒரு தடவை பரிசோதிக்கணுமாம்” என்றார்.

எனக்குப் பொருள் விளங்கிவிட்டது. காகிதத்தை வாங்கி, அப்போது மேசைமேல் விரிந்திருந்த ‘பத்ஹுல் முயீன்’ கிதாபுக்குள் வைத்தேன். அன்று மக்ரிபுக்குப் பின் அந்த மாணவர் வழக்கம்போல் வந்து ஸலாம் சொன்னார். மழையைப் பற்றிப் பேசினோம். மதரஸாவின் ஓட்டுக் கூரையைப் பற்றிப் பேசினோம். என் நாவு அந்தச் சொல்லுக்கு வளையவில்லை. நாளை சொல்லலாம் என்று இருந்தேன். அந்த நாளை வரவே இல்லை.

அடுத்த ஆண்டு ஜமாஅத் கூடியது. ‘மலடி’ என்னும் சொல்லை இரண்டு மூன்று பேர் எளிதாகச் சொன்னார்கள். தலாக் பதியப்பட்டது. தப்தரில் எழுதியவன் நான்தான். எவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 2019இல் மாணவர்களுக்கு நிக்காஹ் பாடம் நடத்துவதற்காக அந்தப் பழைய பிரதியை எடுத்தேன். மலபார் ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் இயற்றிய அந்நூல் நம் ஷாபிஈ மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படுவது. திருமணத்தை முறிக்க உரிமை தரும் குறைகளைப் பேசும் இடத்தைத் திருப்பியபோது காகிதம் மடியில் விழுந்தது. பைத்தியம், தொழுநோய், தாம்பத்தியத்துக்குத் தடையான குறைகள் என்று அவ்விடத்தில் ஒரு பட்டியல் உண்டு. மகப்பேறின்மை அப்பட்டியலில் இல்லை. அதை நான் எத்தனையோ முறை பாடம் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய நாளில் மட்டும் சொல்லவில்லை.

செவிலியர் படிப்பு முடித்து விடுமுறைக்கு வந்திருந்த என் மகளிடம் காகிதத்தைக் கொடுத்தேன். “இரண்டு வரிதான் வாப்பா. புருஷனுக்கு விந்துப் பரிசோதனை. பொஞ்சாதிக்கு லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கணும்.” இரண்டாவது சொல் எனக்குப் புதிது. அதன் பொருளைக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பாட்ரிக் ஸ்டெப்டோ என்னும் மருத்துவரின் வாழ்க்கை என் வீட்டுக்குள் வந்தது. அவ்வாண்டு ரமளான் இரவுகளில், தராவீஹ் முடிந்த பின், மகள் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்ல, நானும் என் மனைவியும் கேட்டோம்.

1913ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர் ஸ்டெப்டோ. இளமையில் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். இலண்டனில் மருத்துவம் பயின்று 1939இல் தேறினார். உடனே உலகப் போர் மூண்டது. கடற்படையில் மருத்துவராகச் சேர்ந்தார். 1941இல் கிரீட் தீவுப் போரில் அவருடைய கப்பல் மூழ்கியது. உயிர் தப்பியவரை இத்தாலியர் சிறைபிடித்தனர். 1943வரை போர்க் கைதியாக இருந்தார். போர் முடிந்த பின் மகளிர் மருத்துவத்திலும் அறுவையிலும் மேற்பயிற்சி பெற்று, 1951இல் ஓல்டம் என்னும் ஊரின் பொது மருத்துவமனையில் பொறுப்பேற்றார். மான்செஸ்டரை அடுத்த பஞ்சாலை ஊர் அது. பெரிய பல்கலைக் கழகங்களின் நிழல் படாத இடம்.

அந்நாளில் குழந்தையில்லை என்று வந்த பெண்ணின் வயிற்றுக்குள் என்ன குறை என்பதை மருத்துவர் நேரில் காண வேண்டுமானால் வயிற்றை அகலமாகக் கீறித் திறக்க வேண்டும். கீறினால் நாள்கணக்கில் படுக்கை. ஆறிய தழும்பே சில வேளை புதிய குறையாகிவிடும். கீறாவிட்டால் ஊகம்தான். ஸ்டெப்டோவின் மனத்தை உறுத்தியது இந்த ஊகம். பாரிசில் ராவுல் பால்மர் என்னும் மருத்துவர் மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி உள்ளே பார்க்கிறார் என்று அறிந்து, அம்முறையைக் கற்றுக்கொண்டார்.

செய்முறையைச் சொன்னால் எளிதாகத் தோன்றும். கொப்பூழின் அருகே சிறு துளை இடுவார்கள். வயிற்றறைக்குள் கரியமில வாயுவைச் செலுத்தினால் உறுப்புகள் ஒன்றையொன்று விட்டு விலகி இடம் தரும். தலைப்புறம் தாழும்படி கட்டிலைச் சாய்ப்பார்கள். குடல் மேலே ஒதுங்கிவிடும். பிறகு விளக்கொளி தாங்கிய குழல் உள்ளே செல்லும். கண்ணாடி இழைகள் வழியாகச் சூடில்லாத ஒளியைக் கொண்டுசெல்லும் முறை வந்த பிறகு, உள்ளே சுட்டுவிடும் என்ற அச்சமும் நீங்கியது. கருப்பை, அதன் இருபுறமும் கைகளைப்போல் நீண்ட கருக்குழாய்கள், அவற்றின் நுனியருகே சூலகங்கள் யாவும் கண்முன் தெரியும். குழாய் அடைபட்டிருந்தால் தெரியும். ஒட்டியிருந்தால் தெரியும். குறையே இல்லையென்றால் அதுவும் தெரியும். மூத்த மருத்துவர் பலர் இது வீண் விளையாட்டு, ஆபத்தானது என்றார்கள். அவரோ ஆண்டுக்கணக்கில் செய்து பார்த்து, 1967இல் இம்முறையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார்.

கேம்பிரிட்ஜில் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் மனிதக் கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்ய முயன்றுகொண்டிருந்தார். வயிற்றைக் கீறாமல் முட்டையை எடுக்க அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. 1968இல் இலண்டனில் நடந்த மருத்துவக் கூட்டமொன்றில் இருவரும் சந்தித்தனர். அன்றுமுதல் எட்வர்ட்ஸும் அவருடைய உதவியாளர் ஜீன் பர்டியும் கேம்பிரிட்ஜிலிருந்து பல மணி நேரம் காரோட்டி ஓல்டத்துக்கு வருவதும் போவதுமாக இருந்தனர். அருகே ராய்ட்டனில் கெர்ஷா என்னும் சிறு மருத்துவமனையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. 1971இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பொருளுதவி தர மறுத்துவிட்டது. சமயவாதிகளும் சாடினார்கள், அறிவியலாளர்களும் சாடினார்கள்.

பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த லெஸ்லி பிரவுன் என்ற பெண்மணிக்குக் கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருந்தன. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தவர். 1977 நவம்பர் 10ஆம் நாள் ஸ்டெப்டோ குழல் வழியே அவருடைய சூலகத்திலிருந்து ஒரே ஒரு முட்டையை எடுத்தார். முட்டை முதிரும்படி மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சிறுநீரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து, இயற்கையாக முட்டை முதிரும் வேளையைக் கணித்தே எடுத்தார்கள். கணவரின் வித்தோடு சேர்ந்து கருவுற்ற அது எட்டு உயிரணுக்களாகப் பிரிந்ததும் தாயின் கருப்பையில் வைத்தார்கள். 1978 ஜூலை 25ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னர், ஓல்டம் மருத்துவமனையில் ஸ்டெப்டோவின் அறுவையால் லூயிஸ் பிரவுன் பிறந்தார். எடை ஏறத்தாழ 2.6 கிலோகிராம். சோதனைக் குழாய்க் குழந்தை என்று உலகம் பெயரிட்ட முதற் குழந்தை அது.

இந்த இடத்தில் மகளின் வாசிப்பை நிறுத்தி, அதற்கு முன் எத்தனை பேருக்கு முயன்றார்கள் என்று என் மனைவி கேட்டாள். விடை அந்நூலில் இல்லை. பின்னர் மகள் தேடிக் கொண்டுவந்தாள். 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் அந்த முயற்சிக்குத் தம் உடலைக் கொடுத்திருக்கிறார்கள். கருத்தரித்தது ஐந்து முறை. உயிரோடு பிறந்த குழந்தைகள் இரண்டு. லூயிஸ் ஒன்று; 1979 ஜனவரியில் பிறந்த ஓர் ஆண் குழந்தை மற்றொன்று. எஞ்சிய 280 பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள். “அவங்களைப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா?” என்று கேட்டாள் என் மனைவி. அவள் யாரை நினைத்துக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

ஜீன் பர்டிக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். பிரிந்து வளரும் கருவைக் கண்விழித்துக் காத்தவர் அவர். ஓல்டத்தில் இச்சாதனையைக் குறித்து முதலில் வைத்த பலகையில், எட்வர்ட்ஸ் வற்புறுத்தியும், அவர் பெயர் இடம்பெறவில்லை. 1985இல் 39 வயதிலேயே அவர் இறந்தார். அவர் பெயரையும் பொறித்த பலகை வர 2015 ஆயிற்று. ஸ்டெப்டோ 1980இல் கேம்பிரிட்ஜ் அருகே போர்ன் ஹால் என்னும் இடத்தில் எட்வர்ட்ஸ், பர்டி இருவரோடும் சேர்ந்து மகப்பேற்று மருத்துவ நிலையம் நிறுவி, அங்கே பணியாற்றி 1988 மார்ச்சில் காலமானார். எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2010இல். இறந்தவர்களுக்கு அப்பரிசு இல்லையாதலால் மற்ற இருவரும் அதில் பங்குபெறவில்லை.

இனி, என் மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: “இதெல்லாம் ஆகுமா ஹஜ்ரத்?” இதற்கு விடை தேட எனக்கு மகளின் ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை, அரபியிலேயே இருந்தது. லூயிஸ் பிறந்து இரண்டாண்டுகூட ஆகாத நிலையில், 1980 மார்ச் 23ஆம் நாள், எகிப்தின் முப்தியாக இருந்தவரும் பின்னர் அல்அஸ்ஹரின் ஷைகானவருமான ஜாதுல் ஹக் அலீ ஜாதுல் ஹக் அவர்கள் இதைப் பற்றி விரிவான பத்வா வழங்கினார்கள். கணவன் மனைவியாக வாழும் இருவரின் வித்தும் முட்டையும் மட்டுமே சேர வேண்டும். மருத்துவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும். மூன்றாமவரின் வித்தோ முட்டையோ கருப்பையோ புகுந்தால் நஸப் கலங்கும், ஆதலால் அது ஹராம். இதுவே அதன் சாரம். 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, நடைமுறையில் இருந்த ஏழு முறைகளை ஆராய்ந்து, மூன்றாமவர் புகும் ஐந்தை விலக்கி, கணவன் மனைவிக்குள் அடங்கும் இரண்டை, தேவை ஏற்படின் முன்னெச்சரிக்கையுடன் அனுமதித்தது. அதே 1986இல் கெய்ரோவின் மஆதிப் பகுதியில் எகிப்தின் முதல் நிலையம் திறக்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜமால் அபுஸ் ஸுரூர் அல்அஸ்ஹர் பல்கலைக் கழகத்தின் மகளிர் மருத்துவப் பேராசிரியர். மறுஆண்டு அங்கே முதற் குழந்தை பிறந்தது.

இவையெல்லாம் நான் அந்தக் காகிதத்தை வாங்கிக் கிதாபுக்குள் வைத்ததற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்தவை. 1992இல் பிரசல்ஸ் நகர மருத்துவர்கள், வித்து குறைந்த கணவர்களுக்காக ஒரே ஓர் உயிரணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும் முறையையும் கண்டு அறிவித்துவிட்டார்கள். ஆகவே கணவரிடம் குறை என்று தெரிந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்ற அச்சத்துக்கும் இடமிருக்கவில்லை. மருத்துவம் காத்திருந்தது, மார்க்கமும் வழிவிட்டிருந்தது. இடையில் தடையாக நின்றது என் வெட்கம் ஒன்றுதான்.

அது என்ன வெட்கம் என்பதை நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. ‘மனீ’ என்றால் என்ன, அதன் அடையாளங்கள் மூன்று எவை என்று குளிப்பு கடமையாகும் பாடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறவன் நான். நம் இமாம்கள் மார்க்கச் சட்டத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் எந்தச் சொல்லையும் மறைத்ததில்லை. அப்படிப்பட்ட கிதாபைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பது வயது ஆண்மகனிடம், “தம்பி, நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் போயிற்று. அந்தப் பரிசோதனைக்குக் கத்தியில்லை, மயக்க மருந்தில்லை. சில நாள் கட்டுப்பாடும் ஒரு சிறு குப்பியும் போதும். மனைவியின் வயிற்றில் துளையிடும் முன் செய்ய வேண்டிய எளிய காரியம் அது.

மொழியாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அஷ்ஷூரா அத்தியாயத்தில், தான் நாடியோருக்குப் பெண்மக்களையும் நாடியோருக்கு ஆண்மக்களையும் தருவதாகவும் நாடியோரை ‘அகீம்’ ஆக்குவதாகவும் இறைவன் கூறுகிறான். அகீம் என்னும் அச்சொல் அரபியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நம் தெருப் பேச்சிலோ ‘மலடி’ என்னும் சொல் புழங்கும் அளவுக்கு ‘மலடன்’ புழங்குவதில்லை. வேதம் இருபாலுக்கும் பொதுவாக வைத்ததை ஒருபாலின் தலையில் மட்டும் ஏற்றியது நம் நாவு.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே ‘ளாமின்’, அதாவது பொறுப்பாளி, என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. நான் மருந்து கொடுக்கவில்லை, நீர்தான் கொடுத்தேன். ஆனால் மருத்துவர் எழுதிய சொல்லை உரியவரிடம் சேர்க்காமல் தடுத்தேன். நான் ளாமினா இல்லையா? பிக்ஹு ஓதிய எனக்கு அந்தக் கேள்வியிலிருந்து தப்பும் வாதங்கள் சில தெரியும். அவற்றை நம்பித் தூங்க முடியவில்லை.

அந்த மாணவர் மறுமணம் செய்துகொண்டு வெளிநாடு சென்றார். அவரைப் பற்றி வேறொன்றும் நான் சொல்லப்போவதில்லை. காணாமல் தீர்ப்புச் சொல்லும் பிழையை அவர் விஷயத்திலும் செய்ய விரும்பவில்லை.

அந்தப் பெண்மணி அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, பெண்பிள்ளைகளுக்குத் தையல் கற்றுக்கொடுத்து வாழ்கிறார். அவ்வாண்டு பெருநாள் கழிந்து என் மனைவியை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். காகிதத்தையும் எடுத்துச் சென்றேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தையல் இயந்திரத்தின் மேல் இருந்த துணியை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“நீங்க சொன்னீங்க, அவங்கதான் கேக்கலைன்னு இத்தனை வருஷமும் நெனச்சிருந்தேன் ஹஜ்ரத்.”

நான் தலை குனிந்திருந்தேன். என் மனைவி அழுதாள். சற்று நேரம் கழித்து அவரே, “பொறுத்துட்டேன், அல்லாஹ்வும் பொறுப்பான்” என்றார். புறப்படும்போது வாசலில் மறுபடி அழைத்து, “இனிமே யாராச்சும் காகிதம் கொண்டுவந்தா, படிச்சுட்டுக் கிதாபுல வைங்க” என்று சொன்னார்.

அவர் மன்னித்துவிட்டார். ஆயினும் அவரை நான் ஏழாண்டு மணவாழ்வின் முடிவில் நிறுத்திய இடத்திலிருந்து மீட்டுத் தர என்னால் இயலாது.

இதை வாசிக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மருத்துவம் எல்லார்க்கும் குழந்தை தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இன்றும் வெறுங்கையோடு திரும்புவோர் பலர். செலவும் பெரிது. நம் நாட்டில் 2021இல் இதற்கென்றே சட்டம் இயற்றப்பட்டு, நிலையங்கள் பதிவு பெற வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்; பதிவைக் கேட்டறிந்து செல்லுங்கள். மூன்றாமவர் வித்தோ முட்டையோ சேராது என்பதை மருத்துவரிடம் வாய்திறந்து கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், கேட்பதில் குற்றமில்லை. எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே செல்லுங்கள்.

அஸருக்குப் பின் இப்போதும் போத்தல்கள் வருகின்றன. இப்போதும் ஓதித்தான் கொடுக்கிறேன். ஆனால் சிறுவனிடம் கொடுத்தனுப்புவதில்லை. “அத்தாவை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்” என்கிறேன். மகனுக்காகத் தந்தை வருவார். சில வேளை கணவரே வருவார். போத்தலைக் கையில் கொடுக்கும் முன், டாக்டரிடம் போனீர்களா என்றும், இருவரும் போனீர்களா என்றும் கேட்கிறேன். முதல் கேள்விக்கு உடனே விடை வருகிறது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலோர் தரையைப் பார்க்கிறார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை, மக்ரிபு பாங்கு வரை நேரம் இருக்கிறது. ஆனால் விடை வரும்வரை போத்தல் என் கையில்தான் இருக்கும்.